மூச்சும் மெல்ல மெல்லத்தான் பழகும்



"மிசின் போட்டாச்சாம்" என்ற சொல் எமது ஊர்களில் ஒரு மரணச் செய்தியைப் போலவே பரவுகிறது. ஒருவரை அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாச இயந்திரத்தில் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அயலவர்கள் வீட்டு வாசலில் கூடிவிடுகிறார்கள். அடுத்ததாக "மிசினைக் கழட்டப் போகினமாம்" என்று செய்தி வந்தால் வீட்டுப் பெண்கள் தலையில் அடித்து அழத் தொடங்குகிறார்கள். இந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் எமது மக்கள் கண்டதெல்லாம் மூச்சு நின்றவர்களைத்தான். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா வந்தபோது இந்த இயந்திரத்தின் பெயர் மீண்டும் எல்லோர் வாயிலும் அடிபட்டது. அதில் ஏற்றப்பட்டவர்களின் மரணங்களே எமது காதுக்கு வந்தன. மூச்சுத் திரும்பி வீடு வந்தவர்களைப் பற்றி ஊர் அதிகம் பேசுவதில்லை.

வற்றாப்பளையில் எமது மகளிர் குழுவைச் சேர்ந்த ஒரு அம்மா கேட்ட கேள்விதான் இம்மாதம் இதைப் பற்றி எழுத வைத்தது. கணவரைப் போரில் இழந்தவர் அவர். இருப்பது ஒரே மகன். மாரி காலத்து இரவொன்றில், நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருந்த மகன், விடிகிற நேரம் வயிற்று வலி என்று எழும்பியிருக்கிறான். வாய்வு என்று நினைத்து உள்ளி தட்டிப் போட்டு அவித்துக் கொடுத்திருக்கிறார். சற்று நேரத்தில் பிள்ளையின் கண் இமைகள் தாமாகவே கீழே விழத் தொடங்கின. பேச்சுக் குழறியது. பிறகுதான் வைத்தியசாலைக்கு ஓடினார்கள். பாம்புக் கடி என்று அங்கேதான் தெரிந்தது. மூச்சுத் தளர்ந்துபோக, இயந்திரம் பூட்டினார்கள்.

மூன்றாம் நாள் இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்தார்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் திரும்பப் பூட்டிவிட்டார்கள். வெளியே நின்ற உறவினர்களுக்கு இது போதுமாயிருந்தது. "இனிச் சரிவராது, வீட்டை கொண்டுபோவம், உயிர் வீட்டிலை போகட்டும்" என்றார்கள். சொந்தப் பொறுப்பில் கையெழுத்து வைத்துக் கூட்டிப்போக அந்த அம்மா எழும்பியும் விட்டாராம். ஒரு தாதி கையைப் பிடித்து இருத்தி, "இன்னும் ரெண்டு நாள் பொறுங்கோ அம்மா" என்று சொல்லியிருக்கிறார். ஐந்தாம் நாள் மீண்டும் கழற்றினார்கள். அந்த மகன் இன்று தோட்டம் செய்கிறான்.

அந்த அம்மா என்னிடம் கேட்டது இதுதான். "பிள்ளை, கழட்டினதை ஏன் திரும்பப் போட்டவை? அப்ப அவைக்கும் நம்பிக்கை இல்லாமல் போனதோ?"

நான் வைத்தியர் அல்ல. சமூகவியல் படித்து, குடும்பங்களோடு வேலை செய்பவள். ஆனால் நோயாளியின் கட்டிலருகே நிற்கின்ற பெண்களுக்கு இது விளங்கியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஏனென்றால் கையெழுத்து வைப்பதா, பொறுத்திருப்பதா என்ற முடிவு எமது குடும்பங்களில் பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையில்தான் வந்து விழுகிறது.

மூச்சுக்கும் தசைதான் தேவை

மூச்சு தானாக நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது ஒரு வேலை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே பிரிமென்றகடு என்ற அகலமான தசை இருக்கிறது. அது சுருங்கிக் கீழே இறங்கும்போது நுரையீரலுக்குள் காற்று வருகிறது. தளரும்போது காற்று வெளியே போகிறது. விலா எலும்புகளுக்கு இடையில் உள்ள தசைகளும் உதவி செய்கின்றன. வளர்ந்த ஒருவர் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறார். பிறந்த கணம் முதல் இந்தத் தசைக்கு ஒரு நாள் லீவும் இல்லை.

ஆனாலும் தசை தசைதான். உலக்கை பிடித்த கை சோர்வது போல, தண்ணீர்க் குடம் சுமந்த இடுப்பு இறுகுவது போல, இதுவும் சுமை கூடினால் களைத்துப்போகும். 1977இல் கனடாவின் மொன்றியல் நகரில் ரூசோஸ், மக்லம் என்ற இரு வைத்தியர்கள் இதை நல்ல சுகதேகிகளிடமே சோதித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் பிரிமென்றகடு தன் முழுப் பலத்தில் ஏறத்தாழ 40 வீதத்துக்கு மேல் செலவழிக்க வேண்டி வந்தால், அந்த மூச்சை நீண்ட நேரம் தொடர முடியாது என்று கண்டார்கள். நோயாளியின் முழுப் பலமே பாதியாகக் குறைந்திருந்தால், எமக்குச் சாதாரணமான மூச்சே அவருக்குப் பெரும் சுமை. மூச்சு நின்றுபோவதற்கு நெடுநேரம் முன்பே அந்தத் தசை களைக்கத் தொடங்கிவிடுகிறது.

கண்டங்கருவளை செய்வது என்ன?

அந்த மகனைக் கடித்தது கண்டங்கருவளை. எட்டடி விரியன், எண்ணெய் விரியன் என்றும் சொல்வார்கள். இரவில் திரியும் பாம்பு. நிலத்தில் நித்திரை செய்பவரைத்தான் பெரும்பாலும் கடிக்கும். கடித்த இடத்தில் நோவோ வீக்கமோ அதிகம் இராது. பல்லுத் தடம்கூடத் தெரியாமல் போகலாம். சில மணித்தியாலங்களில் வயிற்று வலி வரும். பிறகு கண் இமை விழும், விழுங்க முடியாது, கழுத்து நிற்காது, கடைசியில் மூச்சுத் தசை நிற்கும்.

எமக்கு அயலில் உள்ள அனுராதபுரம் வைத்தியசாலையில் 1996 முதல் 1998 வரை இந்தப் பாம்பு கடித்து வந்த 210 பேரை வைத்தியர் குலரத்ன தொடர்ந்து கவனித்து எழுதியிருக்கிறார். விவசாயிகளும் அவர்களுடைய குடும்பத்தவர்களும் அவர்கள். அநேகமாக எல்லோரும் நிலத்தில் படுத்திருந்தவர்கள். அவர்களில் 101 பேருக்குச் சுவாச இயந்திரம் தேவைப்பட்டது. சிலருக்கு 12 மணித்தியாலம் போதுமாயிருந்தது. ஒருவர் 29 நாட்கள் இருந்தார். அதிகமானோருக்குத் தேவைப்பட்டது இரண்டு நாட்கள். 210 பேரில் இறந்தவர்கள் 16 பேர்.

இயந்திரத்தில் ஏறியவர்கள் நூற்றுக்கு மேல், இறந்தவர்கள் 16 என்ற இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பாருங்கள். "மிசின் போட்டால் முடிஞ்சுது" என்ற எமது ஊர்ப் பேச்சு இந்த நோயில் எவ்வளவு பிழை என்பது தெரியும்.

இந்தப் பாம்பின் விஷம், தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பின் நுனியைச் சேதப்படுத்துகிறது. விஷமுறிவு மருந்து இரத்தத்தில் உள்ள விஷத்தைப் பிடிக்கும். பழுதுபட்ட நரம்பு நுனியைத் திருத்த அதனால் முடியாது. உடம்பு அதைத் தானே புதிதாக வளர்த்துக்கொள்ள நாட்கள் செல்லும். அந்த நாட்களை வாங்கித் தருவதுதான் இயந்திரத்தின் வேலை.

1952இல் டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் நகரில் போலியோ பரவியபோது இது உலகத்துக்கே விளங்கியது. மூச்சுத் தசை செயலிழந்த நோயாளிகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். இப்சன் என்ற வைத்தியர், தொண்டையில் குழாய் வைத்து, காற்றுப் பையைக் கையால் அமுக்கிக் காற்றுக் கொடுக்கலாம் என்று காட்டினார். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறை வைத்து, இரவு பகலாக, வாரக்கணக்கில் கையால் பை அமுக்கினார்கள். இறப்பு பாதிக்கும் கீழே வந்தது. இன்று அம்புலன்சில் தாதியர் அமுக்கிக்கொண்டு போகும் பையும் அதே வேலையைத்தான் செய்கிறது.

பேராதனையில் கண்டறிந்த ஒன்று

மூச்சுத் தசை தளரும் இன்னொரு வழியையும் நாம் அறிந்திருக்க வேண்டும். வயலுக்கு அடிக்கும் சில கிருமிநாசினிகள் உடம்புக்குள் போனால், முதல் நாள் ஆபத்து நீங்கி, நோயாளி கண் திறந்து கதைத்துக்கொண்டிருப்பார். எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் 24 முதல் 96 மணித்தியாலங்களுக்குள் கழுத்து, தோள், மூச்சுத் தசைகள் திடீரெனத் தளர்ந்துபோகலாம். இதை உலகுக்கு முதலில் தெளிவாக எடுத்துச் சொன்னவர்கள் எமது நாட்டு வைத்தியர்கள். பேராதனையைச் சேர்ந்த நிமால் சேனாநாயக்க, லக்ஷ்மன் கரலியத்த ஆகிய இருவரும் 1987இல் இதை எழுதினார்கள்.

இதன் முதல் அடையாளங்களில் ஒன்று, நோயாளியால் தலையணையில் இருந்து தலையைத் தூக்க முடியாமல் போவது. பக்கத்தில் இருக்கும் நாமும் இதைக் கண்டுகொள்ளலாம். கண்டதும் அடுத்த கணம் தாதியிடம் சொல்ல வேண்டும். அத்துடன், இப்படி வந்தவரின் கட்டிலருகே நின்று "ஏன் இப்பிடிச் செய்தனி?" என்று கேட்காதீர்கள். மூச்சு மீண்டு வரட்டும். மனம் விட்டுக் கதைக்கப் பிறகு நேரம் இருக்கிறது. மனப்பாரம் தாங்க முடியாதபோது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

பால் மறக்கச் செய்வது போல

இயந்திரத்தில் இருந்து ஒருவரைச் சொந்த மூச்சுக்குக் கொண்டுவருவதை வைத்தியர்கள் "வீனிங்" என்கிறார்கள். குழந்தையைத் தாய்ப்பால் மறக்கச் செய்வதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். தாய்மாருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. எந்தப் பிள்ளையும் ஒரே நாளில் பால் மறப்பதில்லை. பகலில் சோறு ஊட்டுவோம், இரவில் அழுதால் மீண்டும் பால் கொடுப்போம். இரவில் பால் கொடுத்தபடியால் பிள்ளை இனிச் சோறே சாப்பிடாது என்று யாரும் முடிவு கட்டுவதில்லை.

வைத்தியர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். நோய் தணிந்து, நோயாளி விழித்து, சொல்வதைக் கேட்டு நடக்கத் தொடங்கியதும், "தலையைத் தூக்குங்கோ பாப்பம்" என்பார்கள். ஐந்து செக்கன் தூக்கி வைத்திருந்தால் கழுத்துத் தசைக்குப் பலம் வந்துவிட்டது என்பது ஒரு அடையாளம். பிறகு இயந்திரத்தின் உதவியை நிறுத்தி, அல்லது மிகவும் குறைத்து, ஒட்சிசன் மாத்திரம் கொடுத்து, தானாக மூச்சுவிட விட்டுப் பார்ப்பார்கள். குழாய் தொண்டையிலேயே இருக்கும். இந்தப் பரீட்சை அரை மணித்தியாலம் முதல் இரண்டு மணித்தியாலம் வரை நடக்கும். நாளுக்கு ஒரு தடவை இப்படிப் பரீட்சித்துப் பார்ப்பது, இயந்திரத்தின் மூச்சு எண்ணிக்கையைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு போகும் பழைய முறையைவிட விரைவாக நோயாளியை விடுவிக்கிறது என்று 1995இல் ஸ்பெயின் நாட்டில் நடந்த ஆய்வொன்று காட்டியது.

அந்த மகனுக்கு மூன்றாம் நாள் நடந்ததும் ஒரு பரீட்சைதான். அன்று அவன் அதில் சித்தியடையவில்லை.

சின்ன மூச்சின் கணக்கு

பரீட்சை நேரத்தில் தாதியர் நோயாளியின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பார்ப்பது மூச்சு வருகிறதா என்பதை மட்டுமல்ல, எப்படி வருகிறது என்பதையும்தான். களைத்த தசையால் ஆழமாக இழுக்க முடியாது. ஆகவே சின்னச் சின்ன மூச்சாக, வேகமாக எடுக்கத் தொடங்கும். பார்ப்பவருக்கு "நல்லாத்தானே மூச்சு விடுறார்" என்று தோன்றும். அதில்தான் ஆபத்து இருக்கிறது.

இதைத் தண்ணீர்க் கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். கிணற்றில் இருந்து வீட்டுக்கு வாளியில் தண்ணீர் கொண்டுவருகிறீர்கள். வழியில் ஒவ்வொரு நடைக்கும் ஒன்றரைச் செம்பு சிந்திப்போகிறது என்று வையுங்கள். வாளி நிறைய 5 செம்பு அள்ளி 12 நடை நடந்தால், அள்ளியது 60 செம்பு, சிந்தியது 18, வீடு வந்தது 42. கை சோர்ந்து, 2 செம்பு மட்டும் அள்ளி 30 நடை ஓடினால், அள்ளியது அதே 60 செம்புதான். ஆனால் சிந்தியது 45. வீடு வந்தது வெறும் 15.

மூச்சும் இப்படித்தான். சாதாரண மூச்சு ஒன்றில் ஏறத்தாழ 500 மில்லிலீற்றர் காற்று உள்ளே போகிறது. அதில் 150 அளவு மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய்களில் தங்கிப் பயனில்லாமல் திரும்பி வரும். மிச்சமே நுரையீரலின் உள்ளே போய் இரத்தத்துக்கு உதவும். நிமிடத்துக்கு 12 தடவை 500 என்றாலும், 30 தடவை 200 என்றாலும், மொத்தம் 6,000தான். உள்ளே போய்ச் சேருவதோ முதலாவதில் 4,200, இரண்டாவதில் 1,500. அந்த நோயாளி ஓடி ஓடி உழைத்தும் ஒட்சிசன் குறைகிறது, காபனீரொட்சைட்டு இரத்தத்தில் தேங்குகிறது. அதிகமாக உழைப்பதால் தசை மேலும் களைக்கிறது.

1991இல் யாங், ரொபின் என்ற இருவர் இதை ஒரு எளிய கணக்காக்கினார்கள். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதை, ஒரு மூச்சில் எத்தனை லீற்றர் என்பதால் பிரிக்க வேண்டும். விடை 105க்கு மேல் வந்தால், அநேகமாக இன்னும் காலம் வரவில்லை என்று பொருள். மேலே சொன்ன முதலாவது மூச்சுக்கு 12ஐ 0.5ஆல் பிரிக்க வருவது 24. இரண்டாவதற்கு 30ஐ 0.2ஆல் பிரிக்க 150. இந்தக் கணக்கு ஒரு வழிகாட்டி மாத்திரமே. வைத்தியர்கள் இதோடு வேறு பலவற்றையும் பார்த்தே முடிவு எடுப்பார்கள்.

கண்ணால் காணக்கூடிய அடையாளங்களும் உண்டு. மூக்குத் துவாரங்கள் விரியும். கழுத்துத் தசைகள் கயிறு போல எழும்பும். விலா இடுக்குகள் உள்ளே இழுபடும். வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். நல்ல மூச்சில் நெஞ்சும் வயிறும் சேர்ந்து எழும்பும். களைத்த மூச்சில் நெஞ்சு எழும்பும்போது வயிறு உள்ளே போகும். பிரிமென்றகடு தன் வேலையைச் செய்ய முடியாமல் மேலே இழுபடுவதையே இது காட்டுகிறது. இவற்றைக் கண்டால் வைத்தியர்கள் இரண்டு மணித்தியாலம் முடியும்வரை பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

திரும்பப் பூட்டுவது ஏன்?

அந்த அம்மாவின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். களைத்த தசையை மேலும் உழைக்க விட்டால் அது முற்றாகச் செயலிழக்கும். களைத்த பிரிமென்றகடு தேறுவதற்கு ஒரு நாளோ அதற்கு மேலோ செல்லலாம். ஆகவே திரும்பப் பூட்டி ஓய்வு கொடுக்கிறார்கள். நம்பிக்கை இல்லாதவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். நாளைக்கு மீண்டும் முயல வேண்டும் என்பதற்காகத்தான் இன்றைக்குத் திரும்பப் பூட்டினார்கள்.

"அப்ப ஒரு மாதம் மிசினிலேயே விடலாம்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் முடியாது. வேலையில்லாத தசை மெலியும். மாதக்கணக்கில் மாவுக்கட்டுப் போட்ட கால் மெலிந்து போவதை நாம் கண்டிருக்கிறோம். பிரிமென்றகடு அதைவிட வேகமாக மெலிகிறது. இயந்திரமே முழு மூச்சையும் விட்ட நிலையில், 18 முதல் 69 மணித்தியாலங்களுக்குள்ளேயே அதன் தசைநார்கள் மெலிந்திருந்ததை 2008இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. அத்துடன் குழாய் இருக்கும்வரை நெஞ்சில் கிருமி தொற்றும் ஆபத்தும் உண்டு. விரைவாகக் கழற்றினால் தசை களைக்கும், பிந்தினால் மெலியும். இரண்டுக்கும் நடுவில்தான் வைத்தியர்கள் நாள் பார்க்கிறார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லா நோயாளிகளின் கதையும் இப்படி முடிவதில்லை. தலையில் பெரிய காயம் பட்டு மூளை முற்றாகச் செயலிழந்த ஒருவரின் இயந்திரத்தை நிறுத்துவது வேறு விடயம். ஆகவே "கழட்டப் போறம்" என்று சொன்னால், "தானாக மூச்சு விடுறாரோ என்று பாக்கிறதுக்கோ, இல்லாட்டி இனிச் செய்ய ஒன்றும் இல்லை என்றதாலேயோ?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கண்டங்கருவளை கடித்தவரைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. கண் திறக்காமல், கை அசைக்காமல், கண்மணிகூட வெளிச்சத்துக்கு அசையாமல் கிடந்தவர்களும் முழுமையாக எழும்பி வந்திருக்கிறார்கள். தோற்றத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

நாம் செய்யக்கூடியவை

பழைய நெஞ்சுக் காயங்களைச் சொல்லுங்கள். எமது மக்களில் பலருடைய நெஞ்சில் செல் துண்டு இருக்கிறது, விலா முறிந்து பொருந்தியிருக்கிறது, நுரையீரலில் பழைய தழும்பு இருக்கிறது. காசநோய், ஆஸ்மா, புகைத்தல் இருந்தால் அவற்றையும் சொல்ல வேண்டும். மூச்சுத் தசை சுமக்க வேண்டிய பாரம் எவ்வளவு என்று வைத்தியர் கணிப்பதற்கு இது உதவும். நோயாளியால் பேச முடியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பார்க்க விடும் நேரத்தில் கதையுங்கள். அசையாமல் கிடந்தாலும் பாம்புக் கடிபட்டவருக்குப் பெரும்பாலும் காது கேட்கும். கட்டிலருகே நின்று செத்தவீட்டுக் கதை கதைக்காதீர்கள். "நான் நிக்கிறன், இது பாம்புக் கடி, மிசின் கொஞ்ச நாளைக்குத்தான்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். பயந்தால் மூச்சு வேகமாகும், வேகமானால் தசை களைக்கும். தெரிந்த குரல் கேட்டு மனம் அமைதியானால் மூச்சும் அடங்கும்.

பேசவில்லை என்று பதறாதீர்கள். குழாய் குரல்நாண்களின் நடுவே போவதால் சத்தம் வராது. கழற்றிய பின் சில நாட்கள் குரல் கம்மியிருக்கும். கையைத் துணியால் மெதுவாகக் கட்டியிருந்தால், அரை மயக்கத்தில் குழாயை இழுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

குழாய் கழற்றியதும் தண்ணீர் பருக்காதீர்கள். விழுங்கும் தசைகள் தேறியிராவிட்டால் தண்ணீர் நெஞ்சுக்குள் போய்விடும். தாதி சொன்ன பிறகு, நிமிர்த்தி இருத்தி, சிறிது சிறிதாகக் கொடுங்கள். இருமி சளியை வெளியேற்றச் சொல்லுங்கள். இருமலுக்கும் பலம் வேண்டும்.

கையெழுத்து வைத்துக் கூட்டிப்போவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள். "அடுத்த முறை எப்ப கழட்டிப் பாப்பீங்கள்?" என்று வைத்தியரிடம் கேளுங்கள். ஒரு நாள் சொன்னால், அந்த நாள்வரையாவது பொறுங்கள். வெளியே நின்று அவசரப்படுத்தும் உறவினர்களையும் அந்த வைத்தியரிடமே கூட்டிக்கொண்டு போங்கள். முடிவின் பாரத்தைத் தனியே சுமக்க வேண்டியதில்லை.

இயந்திரம் தேவைப்படாமல் இருக்க

மாரி காலத்தில் இந்தப் பாம்புக் கடிகள் அதிகம். நிலத்தில் படுப்பதைத் தவிர்த்து, கட்டிலிலோ உயர்ந்த பலகையிலோ படுங்கள். கட்டில் இல்லாவிட்டால் நுளம்பு வலையைப் பாயின் கீழே நன்றாகச் செருகிவிட்டுப் படுங்கள். வலைக்குள் படுத்தவர்களுக்குப் பாம்புக் கடி குறைவு என்று நேபாளத்தில் செய்த ஆய்வு காட்டியிருக்கிறது. வைகாசிப் பொங்கலுக்கு எமது கண்ணகி அம்மன் கோயிலடியில் இரவு தங்கும்போதும், வயற்காவலுக்குக் கொட்டிலில் படுக்கும்போதும் வலையையும் ரோச் லைற்றையும் மறவாமல் கொண்டுபோங்கள்.

இரவு நிலத்தில் படுத்தவர் விடியற்காலையில் காரணமில்லாமல் வயிற்று வலி என்றால், கடித்த தடம் இல்லாவிட்டாலும் பாம்புக் கடியாக இருக்கலாம் என்று நினையுங்கள். கண் இமை விழுகிறதா, விழுங்க முடிகிறதா, தலையைத் தூக்க முடிகிறதா என்று பாருங்கள். கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், பாம்பைத் தேடி நேரத்தைப் போக்காதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல் கொண்டுபோங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பரியாரியாரிடம் போவதென்றாலும் வைத்தியசாலைக்குப் போய் மீண்டு வந்த பிறகு போகலாம். அந்த மூச்சுத் தசை முற்றாகத் தளருமுன் வைத்தியசாலை வாசலை அடைந்துவிட்டால், மிச்ச வழியை இயந்திரமும் தாதியரும் கூட நின்று கடத்திவிடுவார்கள்.